கத்தி கேட்டவள்

என் முதல் பிள்ளையை நான் பெறவில்லை, எடுத்தார்கள். இலுப்பூரில் எங்கள் தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்கு வந்து இறங்கிய வாரத்திலேயே பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளையை ஒப்புக்குப் பார்த்துவிட்டு, "எங்க, வயித்தக் காட்டு" என்றார்கள். நானும் காட்டினேன். தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கிய தழும்பு. பிள்ளையைவிட அதற்குத்தான் கூட்டம். சிலர் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி, "அப்ப நீ வலியே இல்லாமப் பெத்துட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சண்டை போட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல் முழுக்க வலித்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். அதனால் பொன்னமராவதியில் என் ஆத்தா வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் பெற்றவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். வந்த மருத்துவச்சி வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். எங்கேயோ ஓடி ஒரு பிளசர் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் ஆத்தாவின் மடியில் தலைவைத்துப் புதுக்கோட்டை வரைக்கும் போனேன். அந்த ரோட்டின் பள்ளம் மேடு எல்லாம் என் இடுப்புக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மூக்கில் எதையோ வைத்து மூடினார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு பெண் குழந்தை படுத்திருந்தது. இது யாருடைய பிள்ளை என்று நான் கேட்டேனாம். ஆத்தா அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருஷம் சிரித்தாள்.

ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான். வெளியே அவள் தலை குனிந்துதான் நடந்தாள். தாய் வீட்டுப் பொறுப்பில் நடந்த பிரசவம் என்பதால் கத்தி வைத்த பழியும் தாய் வீட்டின் மேல்தான் விழுந்தது. "நல்ல பொண்ணாத்தான் அனுப்பி வச்சோம். அறுத்துத் தச்சுத் திருப்பி அனுப்பிட்டாக" என்று என் மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டதற்கு என் ஆத்தா என்ன செய்வாள்? கேட்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். இலுப்பூருக்கும் புதுக்கோட்டைக்கும் நாளெல்லாம் போய்வருகிற வண்டி. பஸ்ஸில் அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே ஏறுகிறவர்கள் உண்டு என்பார்கள். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே பேச்சையும் சேர்த்து மாட்டிவிடுவார். அவருடைய அண்ணன் குடும்பமும் அதே வீட்டில் இருந்தது. அண்ணன் மனைவியை, என் ஓரகத்தியை, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கு உயிரோடு ஐந்து, மண்ணில் இரண்டு. முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது, முன்பல் இரண்டு போய்விட்டது. கூந்தல் என்று சொல்வதற்கு ஒரு சுண்டுவிரல் கனம். இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, வயிற்றில் ஒன்று, இப்படித்தான் அவளை நான் பார்த்திருக்கிறேன். பாரம் தூக்கக் கூடாது என்று எனக்கு டாக்டர் சொல்லியிருந்ததால் என் பங்குத் தண்ணீரையும் ஊருணியிலிருந்து அவள்தான் சுமந்தாள். அப்போதும் அவள் வாயும் வயிறுமாகத்தான் இருந்தாள்.

என் பெண் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தபோது எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. சந்தோஷமா என்றால் இல்லை. துக்கமும் இல்லை. அலுப்பாக இருந்தது. துவைத்துக் காயப்போட்ட துணி மொத்தமும் மழையில் நனைந்துவிட்டால் ஓர் அலுப்பு வருமே, அந்த மாதிரி. இனி முதலிலிருந்தா என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டுப் பொறுப்பு. ஏழாவது மாதம் மாமியாரும் வீட்டுக்காரரும் என்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை முதலில் அறுத்த அதே டாக்டரம்மாதான் பார்த்தார். நடுவயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காதவர் என்று பார்த்தாலே தெரியும். தழும்பை அமுக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மூவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"போன தடவ பிள்ள குறுக்க இருந்துச்சு, அதனால அறுத்தோம். இந்தத் தடவ நேரா இருந்தா நார்மலாவே பெறலாம். உள் தையல் நல்லா ஆறியிருக்கு. ஆனா வீட்டுல வச்சுப் பாக்கக் கூடாது. வலியில பழைய தையல் பிரிஞ்சுட்டா தாயும் போயிரும் பிள்ளையும் போயிரும். வலி எடுத்த உடனே இங்க வந்திரணும்."

"மறுபடி கத்தி வைக்கிற மாதிரி ஆயிட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வச்சா, அதோட நிறுத்திக்கணும். மூணாவது தடவ அறுக்கிறது உசிருக்கு நல்லதில்ல. அப்பவே கருத்தடை ஆபரேஷனும் சேத்துப் பண்ணிருவோம். நீங்க கையெழுத்துப் போடணும்."

"உசுருன்னு வந்துட்டா அப்பறம் என்னங்க. போடுறேன்" என்றார் அவர். யோசிக்கவேயில்லை. என் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

மாமியார் விடவில்லை. "நல்லபடியாப் பெத்துட்டா எப்படிங்க?"

"பெத்துட்டா என்ன, மத்த பொம்பளைங்க மாதிரிதான். ஒரு பயமும் இல்ல."

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். டாக்டரம்மா சொன்னதில் ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கொண்டு திரும்பினோம். மாமியாருக்கு, நல்லபடியாகப் பெறலாம் என்ற பாதி. எனக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற பாதி.

எனக்கே அது தெளிவாக விளங்கியது மறுநாள்தான். மத்தியானம் ஓரகத்தியும் நானும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கத்தி வச்சா நீ தப்பிச்ச, தங்கச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் மனதில் இருந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டது அன்றுதான்.

வீட்டில் மாமியார் தன் பாதியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டாள். "நல்லாப் பெறலாம்னு டாக்டரே சொன்னபெறகு ஆஸ்பத்திரி எதுக்கு? இங்கயே பாத்துக்கலாமே" என்று ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர், "அதெல்லாம் ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சரி, ஆஸ்பத்திரி வரைக்கும் இறங்கி வந்தாள். ஆனால் கத்தி மட்டும் கூடாது. கத்தி படாமல் பிள்ளை பிறந்தால் மாவிளக்குப் போடுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். குனிந்து பெருக்கச் சொன்னாள், உட்கார்ந்து அரைக்கச் சொன்னாள், சுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். அதில் கெடுதல் எதுவும் இல்லை. அவளும் ஒன்பது பெற்றவள்தான். பெறுவதில் என்ன அலுப்பு இருக்க முடியும் என்பது அவளுக்கு விளங்காது.

எனக்கு வேண்டுதல் வைக்கவும் இடமில்லை. எந்தச் சாமியிடம் போய் எனக்குக் கத்தி வேண்டும் என்று கேட்பது?

எட்டாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி வாசல் தாண்டிப் பயணம் போகக் கூடாது என்பார்கள். ஆகவே அந்த மாதம் முழுக்க டாக்டரைப் பார்க்கிற பேச்சே இல்லை. வீட்டுக்குள் கிடந்தேன். கிடந்த நேரமெல்லாம் வயிற்றைத் தடவித் தடவி, தலை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தேடினேன். குறுக்கே திரும்பிக்கொள் என்று பிள்ளையிடம் சொன்னேன். உன் அக்காளைப் போலவே நீயும் திரும்பிக்கொள், ஒருநாள் கஷ்டம்தான், அப்புறம் நீயும் நானும் நிம்மதியாக இருக்கலாம் என்று கெஞ்சினேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலது பக்கமாகவே படுத்த நினைவு. இப்போதும் அப்படியே படுத்துப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்காக எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. பிள்ளைக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. எனக்கு நல்லது நினைத்தேன், அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆத்தா என்னைப் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வந்திருந்தாள். முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்து வந்திருந்தாள். மாமியார் கொல்லைப்பக்கம் போன சமயம் பார்த்து மெதுவாகச் சொன்னேன், எனக்குக் கத்தி வைத்துவிட்டால் தேவலை என்று. அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"வாயக் கழுவு. நல்ல வார்த்தை பேசு."

"எனக்கு முடியல ஆத்தா. அக்காவப் பாத்தியா? அந்த மாதிரி என்னால ஆகாது."

"எல்லாரும் பெக்கத்தான் செய்யுறாக. எங்க வீட்டுல வச்சுத்தான் அறுத்தாகன்னு ஏற்கெனவே பேச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கேன். நீ இங்கிட்டு நல்லபடியாப் பெத்துட்டா, ஒன் ஒடம்புல கொற இல்லன்னு ஆயிரும். நானும் நாலு பேரு முன்னால நிமிந்து நடப்பேன்."

பெற்ற தாயும் அந்தப் பக்கம்தான் என்று ஆனபிறகு யாரிடம் போவது? அவள் ஊருக்குக் கிளம்பும்போது, தானும் குலசாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மறுபடி புதுக்கோட்டை. உள்ளே மேஜையில் படுக்கவைத்துப் பார்க்கும்போது டாக்டரம்மா மாமியாரை வெளியே இருக்கச் சொன்னார். நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துப் பார்த்து, "தலை கீழ வந்திருச்சு. ரொம்ப நல்லது" என்றார். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றிவிட்டது.

"டாக்டரம்மா, கத்தியே வச்சுருங்கம்மா."

"ஏன், வலிக்குப் பயமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு சுலபமாகப் போயிருக்கும். சொல்லவில்லை. "வலி பாத்தாச்சுங்க. இதோட நிறுத்திக்கணும். கத்தி வச்சா எங்க வீட்டுல அவுக கையெழுத்துப் போடுறேன்னு இருக்காக. இல்லன்னா போடமாட்டாக."

அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அதுக்காக அறுக்க முடியாதும்மா. நல்லாப் பெறக்கூடிய வயித்த நான் எப்படி அறுக்கிறது? அறுக்கிறதுல செத்துப்போற பொம்பளைங்களும் இருக்காங்க. ஒன் பிள்ளைய அப்பறம் யாரு பாப்பா?"

"அப்ப பெத்ததுக்கு அப்பறமாவது அந்த ஆபரேஷன் மட்டும் பண்ணிவிடுங்க."

"ஒரு காரணமும் இல்லாம ரெண்டாவது பிள்ளைக்கே அதுக்கு ஆஸ்பத்திரி சட்டத்துல எடம் இல்ல. அப்படியே பண்ணுறதுன்னாலும் வீட்டுக்காரர் சம்மதம் வேணும். நானும் அவர்கிட்டப் பேசிப் பாக்கிறேன். சிக்கல் ஏதாவது வந்து கத்தி வச்சா, ரெண்டையும் சேத்துப் பண்ணிவிடுறேன். போ, கவலப்படாத."

அவர் பேச்சில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. அந்த வீட்டில், அந்த ஆஸ்பத்திரியில், என்னிடம் நியாயமாகப் பேசியவர் அவர்தான். ஆனால் சிக்கல் வந்தால்தான் எனக்கு விடிவு என்று ஆகிவிட்டதே, அதை யாரிடம் சொல்வது? மேஜையிலிருந்து இறங்கி நடந்தேன். வெளியே மாமியார், "தல கீழ வந்திருச்சாம்ல" என்று சிரித்த முகமாக நின்றாள்.

நாள் நெருங்கியதும் ஆஸ்பத்திரியிலேயே போய்த் தங்கிவிடுவது என்று பேசிவைத்திருந்தோம். அதற்குள் ஒருநாள் காலையில் பல் விளக்கும்போதே வலி எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் வண்டியில் டியூட்டி. அந்த வண்டியிலேயே என்னையும் மாமியாரையும் ஏற்றி, முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி உட்காரவைத்தார். வழியில் கைகாட்டியவர்களுக்கெல்லாம், "பிரசவக் கேஸ், அடுத்த வண்டியில வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியில் இருந்த பெண்கள் மாமியாரைவிட அதிகமாகச் சாமியைக் கூப்பிட்டார்கள். வலி வந்துவிட்டுப் போகிற இடைவெளியில், இது சீக்கிரம் முடிகிற வலி என்று எனக்கே தெரிந்துவிட்டது. போன தடவை வலி திக்குத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. இந்தத் தடவை நேராகக் கீழே இறங்கியது.

பிரசவ அறையில் கடைசிக் கட்டத்தில் நான் கத்தினேன். "அறுத்துருங்கம்மா, அறுத்துருங்க."

காலைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தாள். "எல்லாரும் இந்த நேரத்துல இதத்தான் சொல்லுவாங்க."

அது வலியில் சொன்ன வார்த்தை இல்லை என்று தெரிந்தவர் அங்கே டாக்டரம்மா மட்டும்தான். அவர் சிரிக்கவில்லை. என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "இல்லம்மா, தலை தெரியுது. அறுக்க ஒண்ணுமில்ல. முக்கு" என்றார். முக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என்ன பிரயோசனம்? உடம்பு என்னைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? அதுவாக முக்கியது, அதுவாகத் தள்ளியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டாவதும் பெண். தையல் கொஞ்சமும் பிரியவில்லை.

பெண் என்றதும் மாமியார் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளையைத் துணியில் வாங்கிக்கொண்டு, "பொண்ணுன்னா என்ன, வழி தொறந்திருச்சுல்ல. இனிமே ஆணாப் பெத்துக்கிறது" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாளாம். செய்தி போய் மறுநாள் ஆத்தா ஓடிவந்தாள். இரண்டு சம்பந்திகளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இரண்டு வருஷமாக மூஞ்சி கொடுத்துப் பேசாதவர்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் வீட்டுக்காரரை வார்டுக்குள் கூப்பிட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பேசினார். இரண்டு பிள்ளை ஆகிவிட்டது, ஒன்று ஆபரேஷன், உடம்பு தளர்ந்திருக்கிறது, நீங்கள் சம்மதித்தால் மேலே எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வீட்டுக்காரர் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "அதான் கத்தி வைக்கலையேங்க. ஒடம்பு நல்லா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டும் பொண்ணு வேற. பெறகு பாப்போம்" என்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்.

டாக்டரம்மா என் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அடுத்ததும் இதே மாதிரி சுலபமாப் பெத்துருவ. பயப்படாத" என்றார். அவர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது போலிருக்கிறது என்று ஆத்தா வெந்நீர் வைக்கப் போனாள்.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. அவள் என்ன செய்வாள், வழியைப் பார்த்து வந்தாள். அவளுக்குப் பிறகு மூன்று பெற்றேன். எல்லாம் அதே ஆஸ்பத்திரி, எல்லாம் சுலபமான பிரசவம். ஒவ்வொரு தடவையும் மாமியார் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

இரண்டாவது பெண்ணைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய அன்றைக்கு வந்ததும் என் வீட்டுக்காரருடைய வண்டியில்தான். பக்கத்துச் சீட்டுக்காரியிடம் மாமியார் வழிநெடுகக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். வயிறு கிழித்த மருமகள் தன் வேண்டுதலால் நல்லபடியாகப் பெற்ற கதை. கேட்டவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடி நின்றார்கள். இந்தத் தடவை யாரும் வயிற்றைக் காட்டச் சொல்லவில்லை. ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, "நல்லாப் பெத்து வந்த" என்று கன்னத்தை வழித்தார்கள்.

ஓரகத்தி அடுப்படியை விட்டு வரவில்லை. நான்தான் பிள்ளையோடு உள்ளே போனேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "கத்தி வைக்கலியா?" என்று குரலே எழாமல் கேட்டாள்.

"வைக்கலக்கா."

அவள் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த தன் பாயைக் காலால் தள்ளி விரித்தாள். "சரி, வா. அத்த கூப்பிடுற வரைக்கும் செத்த நேரம் படு" என்றாள்.